ஏஜிசி: சிக்னல் அளவைக் கட்டுக்குள் வைக்கும் சர்க்யூட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ ரிப்பேர் பழகுபவர்கள், கல்லூரி புராஜெக்ட் செய்பவர்கள், புதிதாக ஹாம் லைசென்ஸ் வாங்கியவர்கள், தாத்தா காலத்து வால்வு செட்டைத் தூசி தட்டி எடுத்தவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் மீடியம் வேவ் ரேடியோவை வைத்தே விளக்கியிருக்கிறேன். ஏஜிசி, அதாவது ஆட்டோமேட்டிக் கெயின் கண்ட்ரோல், பிறந்து வளர்ந்த இடம் அதுதான். அங்கே பிடிபட்டுவிட்டால் டிவி, டேப் ரிக்கார்டர், எஸ்டிஆர் (சாஃப்ட்வேர் ரேடியோ) எல்லாம் தானாகப் பிடிபடும். ஏதாவது ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவின் சர்க்யூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

ஏஜிசி என்ன செய்கிறது?

வரும் சிக்னல் கூடினால் பெருக்கியின் கெயினை, அதாவது அது பெருக்கும் மடங்கை, குறைக்கிறது, சிக்னல் குறைந்தால் கெயினைக் கூட்டுகிறது. வெளியே வரும் அளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. வோல்யூம் குமிழில் ஒருவர் சதா கைவைத்தபடி, சத்தம் ஏறினால் திருகிக் குறைத்தும் இறங்கினால் கூட்டியும் உட்கார்ந்திருப்பது போன்ற வேலை. அந்த ஆளுக்கு வேண்டியதெல்லாம் இதற்கும் வேண்டும்: அளவைக் கேட்க ஒரு டிடெக்டர், சட்டென்று பதறாமல் சற்றுப் பொறுத்து முடிவெடுக்க ஒரு ஃபில்டர், திருகுவதற்குக் கெயின் மாறக்கூடிய ஒரு பெருக்கி. இந்த மூன்றில் புத்தகங்கள் அதிகம் பேசுவது பெருக்கியைப் பற்றி. நடைமுறையில் தலைவலி தருவதோ எங்கே அளக்கிறோம், எவ்வளவு நேரம் பொறுக்கிறோம் என்ற இரண்டும்தான்.

இது இல்லாமல் ரேடியோ வேலை செய்யாதா?

செய்யும், ஆனால் கேட்க முடியாது. சென்னை ஏ நிலையம் 720 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் திறன் கொண்டது. டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்து ஊரில் இருப்பவருக்கு அது மலை போல வந்து விழும். அதே செட்டில் ராத்திரி தூரத்து நிலையம் ஒன்றைத் தேடினால் கிடைப்பது சில மைக்ரோவோல்ட். 10 மைக்ரோவோல்ட்டுக்கும் 100 மில்லிவோல்ட்டுக்கும் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம், அதாவது 80 டெசிபல். பலவீனமான நிலையத்துக்கு ஏற்றபடி கெயினை வைத்தால், உள்ளூர் நிலையம் வந்ததும் ஐஎஃப் பெருக்கி (எந்த நிலையத்தையும் ஒரே இடைநிலை ஃப்ரீக்வன்சிக்கு மாற்றியபின் பெருக்கும் பகுதி) முட்டி மோதி அலையின் தலை வெட்டப்படும். வோல்யூமைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. சிதைவு நடப்பது வோல்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால்.

யார் கண்டுபிடித்தது?

அமெரிக்காவில் ஹேசல்டைன் நிறுவனத்தில் இருந்த ஹெரால்டு ஆல்டன் வீலர், 1925-இல். அன்றைய பெயர் ஏவிசி, அதாவது ஆட்டோமேட்டிக் வோல்யூம் கண்ட்ரோல். பழைய வால்வு செட்டுகளின் சர்க்யூட்டில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். 1928-இல் ஜெர்மனியின் கார்ல் கூப்ஃப்முல்லர் வெளியே அளந்து உள்ளே திருத்தும் இந்த லூப்பைக் கணித முறைப்படி ஆராய்ந்து எழுதினார். 1930-களின் தொடக்கத்திலேயே கடைக்கு வரும் பெரும்பாலான செட்டுகளில் ஏவிசி இடம்பிடித்துவிட்டது.

டிரான்சிஸ்டர் ரேடியோ சர்க்யூட்டில் ஏஜிசி எங்கே இருக்கிறது? பார்த்தால் தனியாக எதுவும் தெரியவில்லையே.

தனியாக இருக்காது. ஒரு ரெசிஸ்டரும் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும்தான் மொத்த ஏஜிசியும். கடைசி ஐஎஃப்டிக்கு (ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மருக்கு) பின்னால் உள்ள டிடெக்டர் டயோடைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஓஏ 79 போன்ற ஜெர்மானியம் டயோடு. அது ஐஎஃப் சிக்னலிலிருந்து இரண்டு பொருட்களைத் தருகிறது. ஒன்று, நாம் கேட்கும் ஆடியோ. அது வோல்யூம் கண்ட்ரோலுக்குப் போகிறது. இன்னொன்று, ஆடியோவைச் சுமந்து வரும் கேரியர் அலையின் பலத்துக்கு ஏற்ற டிசி வோல்டேஜ். யாரும் கேட்காத அந்த டிசிதான் ஏஜிசிக்கு மூலப்பொருள்.

அதே புள்ளியிலிருந்து 4.7 கிலோ ஓம் அல்லது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று பின்னோக்கி ஓடி, முதல் ஐஎஃப் டிரான்சிஸ்டரின் ஐஎஃப்டி செகண்டரியின் கீழ்முனையில் சேர்வதைப் பார்க்கலாம். அந்த முனையிலிருந்து எர்த்துக்கு 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று இருக்கும். அந்த முனைக்கு பேட்டரி பக்கத்திலிருந்தும் ஒரு பெரிய ரெசிஸ்டர் பயஸ் கொடுக்கும். ஆக, முதல் ஐஎஃப் டிரான்சிஸ்டருக்கு இரண்டு எசமான்கள்: பேட்டரி அதைத் திறக்கப் பார்க்கிறது, டிடெக்டர் அதை மூடப் பார்க்கிறது.

டிசி வோல்டேஜ் மாறினால் கெயின் எப்படிக் குறைகிறது?

டிரான்சிஸ்டரின் கெயின் அதன் கலெக்டர் கரண்ட்டைப் பொறுத்தது. கரண்ட்டை 26 மில்லிவோல்ட்டால் வகுத்தால் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் (உள்ளே ஒரு வோல்ட் மாறினால் வெளியே எவ்வளவு கரண்ட் மாறும் என்பது) கிடைக்கும். 1 மில்லியாம்பியரில் அது வோல்ட்டுக்கு ஏறத்தாழ 38 மில்லியாம்பியர். கரண்ட்டை 0.1 மில்லியாம்பியருக்கு இறக்கினால் 3.8. கெயின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 டெசிபல் குறைவு.

பிஎஃப் 194, பிஎஃப் 195 போன்ற என்பிஎன் சிலிக்கான் டிரான்சிஸ்டர் உள்ள செட்டில் டிடெக்டர் தரவேண்டியது நெகட்டிவ் வோல்டேஜ். சிக்னல் பலமானால் பேஸ் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் குறையும், கெயின் குறையும். பழைய பிஎன்பி ஜெர்மானியம் செட்டுகளில் இதெல்லாம் தலைகீழ். இப்படிக் கரண்ட்டைக் குறைத்துச் செய்வது ரிவர்ஸ் ஏஜிசி. கரண்ட்டைக் கூட்டிக் கெயினைக் குறைக்கும் ஃபார்வர்டு ஏஜிசியும் உண்டு. அதற்கென்றே செய்யப்பட்ட பிஎஃப் 167, பிஎஃப் 196 போன்றவை டிவி ஐஎஃப் பெருக்கிகளில் வந்தன. பலமான சிக்னல் வரும்போது டிரான்சிஸ்டர் பட்டினி கிடக்காமல் தாராளமாகக் கரண்ட் எடுப்பதால் சிதைவு குறைவு என்பது அதன் லாபம்.

ஒரு டிரான்சிஸ்டரால் 80 டெசிபலைச் சமாளிக்க முடியாது. அதனால் சில செட்டுகளில் முதல் ஐஎஃப்டியின் மேல் இன்னொரு டயோடு இருக்கும். முதல் ஐஎஃப் டிரான்சிஸ்டரின் கரண்ட் மிகவும் இறங்கியதும் அந்த டயோடு கடத்தத் தொடங்கி, ஐஎஃப்டியின் கூர்மையைக் கெடுத்து, ஐஎஃப்பை உண்டாக்கும் மிக்ஸரிலிருந்து வருவதையே குறைத்துவிடும். "இது எதுக்கு வேண்டாத டயோடு" என்று கழற்றிப் போட்ட செட்டுகள் உண்டு. உள்ளூர் நிலையம் மட்டும் கரகரக்கும்.

டிடெக்டர் டயோடைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்?

ஆடியோ வழக்கம்போல வரும், அதுதான் இதில் உள்ள ஆபத்து. பலவீனமான நிலையத்தில் எதுவும் தெரியாது. பலமான நிலையத்துக்குத் திருப்பினால் ஏஜிசி எதிர்ப்பக்கம் வேலை செய்து கெயினை இன்னும் ஏற்றும். சத்தம் உடையும், சில சமயம் விசிலடிக்கும். டயோடு மாற்றிய பிறகு தூரத்து நிலையம் நன்றாகவும் உள்ளூர் நிலையம் மோசமாகவும் இருந்தால் முதலில் திசையைப் பாருங்கள். என்பிஎன் செட்டில் கேத்தோடு ஐஎஃப்டி பக்கம் இருக்க வேண்டும்.

ஏஜிசி இருந்தும் எல்லா நிலையங்களும் ஒரே சத்தத்தில் இல்லையே, ஏன்?

கெயினைக் குறைக்கும் வோல்டேஜ் வெளிவரும் சிக்னலிலிருந்தே கிடைக்கிறது. வெளியே கொஞ்சமாவது கூடினால்தான் உள்ளே குறைக்க முடியும். ஆகவே இந்த வகைச் சர்க்யூட்டில் முழுச் சமன் என்பது நடக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். டிடெக்டர் வோல்டேஜ் 0.5 வோல்ட்டைத் தாண்டியபின் ஏஜிசி தொடங்குகிறது, அதன்பின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் கெயின் 60 டெசிபல் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். டிடெக்டர் 1 வோல்ட்டுக்கு ஏறினால் வெளியே கூடியது 2 மடங்கு, 6 டெசிபல். அந்த அரை வோல்ட் கெயினை 30 டெசிபல் இறக்கியிருக்கும். அப்படியானால் உள்ளே சிக்னல் 36 டெசிபல் கூடியிருக்க வேண்டும், கிட்டத்தட்ட 63 மடங்கு. டிடெக்டர் 1.5 வோல்ட்டுக்கு ஏற வேண்டுமானால் உள்ளே கிட்டத்தட்ட 3000 மடங்கு கூட வேண்டும். 3000 மடங்கு உள்ளே, 3 மடங்கு வெளியே. ரேடியோவுக்கு இது தாராளம். இன்னும் தட்டையாக வேண்டுமானால் ஏஜிசி வோல்டேஜைத் தனியாகப் பெருக்கிக் கொடுக்கலாம். பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் ஆப்-ஆம்ப் இன்டகிரேட்டர் வைத்தால் வெளி அளவு அசையாமல் நிற்கும். அளவுக் கருவிகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஏஜிசி கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட். கையில் 1 இருக்கிறது, 100 இருக்கிறது. எதையாவது போடலாமா?

போடக்கூடாது. இந்த மொத்தப் பக்கத்திலும் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படியுங்கள்.

10 கிலோ ஓமையும் 10 மைக்ரோஃபாரடையும் பெருக்கினால் 100 மில்லிசெகண்ட். இதுவே டைம் கான்ஸ்டன்ட் என்று பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்ளும். ஆனால் லூப் மூடியிருக்கும்போது கெப்பாசிட்டர் தன் இஷ்டத்துக்கு 100 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்வதில்லை. கெயின் குறையக் குறைய டிடெக்டரும் இறங்கிவருகிறது, அதனால் இரண்டும் சீக்கிரமே நடுவில் சந்தித்துவிடுகின்றன. மேலே போட்ட கணக்கின் எண்களை வைத்தால், 1 வோல்ட்டில் லூப் உண்மையில் நிதானிக்க எடுக்கும் நேரம் 100-இல் எட்டில் ஒரு பங்கு, சுமார் 13 மில்லிசெகண்ட். சிக்னல் பலமாக இருந்தால் இன்னும் வேகம். அந்த 13 மில்லிசெகண்ட்டை ஃப்ரீக்வன்சியாக மாற்றினால் 12 ஹெர்ட்ஸ் சொச்சம். மிருதங்கத்தின் தொப்பிகூட அதற்கு வெகு மேலே இருப்பதால் பாட்டைத் தொடாமல் ஃபேடிங்கை (சிக்னல் மங்கி எழுவதை) மட்டும் ஏஜிசி துரத்துகிறது.

இப்போது 1 மைக்ரோஃபாரட் போடுங்கள். அந்த எல்லை 125 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அடித்தொனி ஒவ்வொன்றையும் "சிக்னல் ஏறிவிட்டது" என்று எண்ணி ஏஜிசி அமுக்கத் தொடங்கும். ஆண் குரல் சன்னமாகும், தபேலா வெறும் தட்டலாகும். ஸ்பீக்கர் சரியில்லை என்று ஸ்பீக்கரை மாற்றுவார்கள்.

100 மைக்ரோஃபாரட் போட்டால் வேறு வகைத் தொல்லை. பலமான நிலையத்திலிருந்து பக்கத்துப் பலவீனமான நிலையத்துக்குத் திருப்பும்போது டிடெக்டரில் சிக்னலே இல்லாததால் லூப் உதவி செய்யாது. கெப்பாசிட்டர் முழு 1 செகண்ட் கான்ஸ்டன்ட்டில் தானாக இறங்க வேண்டும். 1.5 வோல்ட்டிலிருந்து 0.5-க்கு இறங்க ஒரு செகண்டுக்குச் சற்று மேல். அதுவரை செட் செத்தது போல இருக்கும். வேகமாகக் குமிழைத் திருகுகிறவர் அந்த நிலையத்தைக் கடந்தே போய்விடுவார்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஏறும்போது லூப் வேகப்படுத்துகிறது, இறங்கும்போது கைவிடுகிறது. யாரும் தனியாக வடிவமைக்காமலேயே இந்த ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடிக்கு வேகமாக அமுக்கி மெதுவாக விடும் குணம் வந்துவிடுகிறது.

4.7 அல்லது 22 மைக்ரோஃபாரட் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு ரூபாய் சமாச்சாரம் இது, சரியானதையே வாங்கிப் போடுங்கள்.

டேப் ரிக்கார்டரில் உள்ள ஏஎல்சி இதேதானா?

ஏஎல்சி என்பது ஆட்டோமேட்டிக் லெவல் கண்ட்ரோல். அதே லூப், வேறு நேரக்கணக்கு. கேசட் ரிக்கார்டரில் வேகமாக அமுக்காவிட்டால் டேப் நிறைந்து சத்தம் உடையும், எனவே சில மில்லிசெகண்டில் அமுக்கும். விடுவதற்கு பல செகண்ட் எடுக்கும்.

விளைவை வீட்டில் கிடக்கும் கல்யாணக் கேசட்டில் கேட்கலாம். நாகஸ்வரம் தனியாக வாசிக்கும்போது முழுச் சத்தத்தில் இருக்கும். தவில் ஓர் உருட்டு உருட்டியதும் நாகஸ்வரம் பின்னுக்குப் போய் அமுங்கும். தவில் ஓய்ந்தபின் மெல்ல ஏறிவரும், கூடவே மண்டபத்து இரைச்சலும், யாரோ பாயசம் கேட்பதும் ஏறிவரும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சவுண்டுக்காரர்கள் பம்பிங் என்பார்கள். பேச்சைப் பதிவுசெய்ய ஏஎல்சி நல்லது. சங்கீதத்துக்கு, கையால் லெவல் வைக்க முடிகிற மெஷினாக இருந்தால் ஏஎல்சியை அணைத்துவிடுங்கள். மொபைல் ஃபோனில் எடுக்கும் கச்சேரி வீடியோவிலும் இதே கதைதான்.

ராத்திரியில் தூரத்து நிலையம் மங்கும்போது, சத்தம் குறையாமல் குரல் மட்டும் அலங்கோலமாகிறது. ஏஜிசி கெட்டுவிட்டதா?

இல்லை, ஏஜிசி சரியாக இருப்பதால்தான் அவ்வளவு சத்தமாகக் கெட்டுக் கேட்கிறது. அயனமண்டலத்தில் பட்டு வரும் அலைகள் வெவ்வேறு தூரம் கடந்து வந்து சேரும்போது ஒரு குறுகிய ஃப்ரீக்வன்சியில் மட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தப் பள்ளம் கேரியர் மேல் வந்து நின்றால் ஆடியோவைத் தாங்கிய பக்கப்பட்டைகள் மட்டும் மிஞ்சும். டயோடு டிடெக்டருக்குக் கேரியர் இல்லாவிட்டால் ஆடியோவை ஒழுங்காகப் பிரிக்கத் தெரியாது. ஏஜிசியோ கேரியரை வைத்துத்தான் பலத்தை அளக்கிறது. "சிக்னல் போய்விட்டது" என்று கெயினை ஏற்றுகிறது, சிதைந்த குரல் பெரிதாகிறது. சிற்றலையில் தமிழோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். மருந்து ஏஜிசியில் இல்லை. ரிசீவரே கேரியரை உண்டாக்கிக்கொள்ளும் சின்க்ரோனஸ் டிடெக்டரில் இருக்கிறது.

நிலையங்களுக்கு நடுவே இரைச்சல் பெருகுவது ஏன்?

அளக்கச் சிக்னல் இல்லை, கெயின் உச்சத்தில். ஏஜிசி அளவைத்தான் சமன்செய்கிறது, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை ஒரு துளியும் மேம்படுத்துவதில்லை. அந்த இரைச்சலை மூட, சிக்னல் இல்லாதபோது ஆடியோவை அடைக்கும் ஸ்க்வெல்ச் அல்லது மியூட் வேண்டும்.

தாமத ஏஜிசி என்றால் நேரம் கழித்து வேலை செய்வதா?

இல்லை, இதற்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை. சிக்னல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்வரை கெயினைத் தொடாமல் விடுவது. பலவீனமான சிக்னலுக்கு முழுக் கெயினும் தேவை, அதில் கைவைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

டிவி டியூனரிலும் கம்யூனிகேஷன் ரிசீவரிலும் இதை அடுக்கடுக்காகச் செய்வார்கள். முதலில் ஐஎஃப் கெயின் குறையும். அது போதாத அளவுக்குச் சிக்னல் வந்தபிறகே முன்னாலுள்ள ஆர்எஃப் பெருக்கியைக் குறைப்பார்கள். ரிசீவரின் இரைச்சல் அளவை நிர்ணயிப்பது முதல் பெருக்கிதான். அதன் கெயினை அவசரப்பட்டுக் குறைத்தால் நடுத்தரச் சிக்னலும் இரைச்சலோடு வரும்.

வால்வு செட்டில் எந்த வால்வையும் ஐஎஃப்பில் போடலாமா?

கூடாது. கிரிட் நெகட்டிவ்வாக ஏற ஏற, சட்டென்று கட்டாகும் வால்வு உண்டு, நிதானமாகக் கெயின் குறையும் வால்வு உண்டு. இரண்டாவது வகைக்கு வேரியபிள்-மியூ என்று பெயர், 1930-களின் தொடக்கத்தில் வந்தது. கிரிட் கம்பிச் சுருளின் இடைவெளியைச் சில இடத்தில் நெருக்கியும் சில இடத்தில் விட்டும் சுற்றி இதைச் சாதித்தார்கள். 6பிஏ6, 6கே7, இஎஃப் 89 எல்லாம் இந்த வகை. 6ஏயூ6 அப்படியல்ல, ஆனால் 6பிஏ6 உட்காரும் சாக்கெட்டிலேயே உட்காரும், பாட்டும் வரும். பலமான நிலையத்தில் ஏவிசி வோல்டேஜ் ஏறியதும் வளைந்த பகுதிக்குப் போய்ச் சிதைக்கும். வால்வு கிடைக்காத காலத்தில் மாட்டிவிட்டுப் போன இப்படிப்பட்ட மாற்றுகள் பழைய செட்டுகளில் இன்றும் கிடைக்கின்றன.

ட்யூன் செய்யும்போது பச்சையாக மூடித் திறக்கும் மேஜிக் ஐ, அதாவது இஎம் 80, இஎம் 84 போன்றவை, காட்டுவதும் இந்த ஏவிசி வோல்டேஜைத்தான்.

ஏஜிசி வோல்டேஜை மீட்டரில் அளந்தால் எதுவுமே காட்டவில்லை.

வால்வு செட்டாக இருந்தால் மீட்டர்தான் காரணமாக இருக்கும். ஏவிசி லைனில் 1 மெக் ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரடும் இருப்பது வழக்கம். வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் உள்ள ஊசி மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் அதன் தடை 200 கிலோ ஓம். 1 மெக்குடன் சேரும்போது உள்ளதில் ஆறில் ஒரு பங்குதான் மீட்டருக்குக் கிடைக்கும், மீட்டரை வைத்த நொடியில் செட்டின் சத்தமும் ஏறும். 10 மெக் ஓம் உள்ள டிஜிட்டல் மீட்டரில் பிழை பத்து சதவீத அளவுதான். டிரான்சிஸ்டர் செட்டில் இந்தக் கவலை இல்லை.

அளக்கும்போது எண்ணைவிட அசைவைப் பாருங்கள். உள்ளூர் நிலையத்துக்குத் திருப்பும்போது வோல்டேஜ் நகர வேண்டும், விலகும்போது திரும்ப வேண்டும். நகரவே இல்லையென்றால் ஏஜிசி இல்லை.

ஏஜிசி கெட்டால் அறிகுறி என்ன?

பலவீனமான நிலையம் நன்றாக, பலமான நிலையம் கரகரப்பாக இருந்தால் ஏஜிசி வோல்டேஜ் எங்கோ எர்த் ஆகிறது. வால்வு செட்டில் அந்த 0.1 பேப்பர் கெப்பாசிட்டர் லீக் ஆவது அன்றாட வியாதி. சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடலாம். டிரான்சிஸ்டர் செட்டில் எலக்ட்ரோலிட்டிக் லீக் ஆனால் பயஸே போய்ச் செட் மொத்தமும் மந்தமாகும். அதே எலக்ட்ரோலிட்டிக் காய்ந்துபோனால் ஆடியோவும் ஐஎஃப்பும் பேஸில் நுழைந்து, சத்தம் சன்னமாவதும் ஸ்டேஷன்மேல் விசிலடிப்பதும் நடக்கும். நல்ல கெப்பாசிட்டர் ஒன்றை மேலேயே ஒட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"டப் டப் டப்" என்று படகு மோட்டார் சத்தம் வந்தால் லூப் ஊசலாடுகிறது. ஒரு ரெசிஸ்டர்-கெப்பாசிட்டருக்குப் பதில் இரண்டு மூன்று ஃபில்டரை வரிசையாகப் போட்டிருந்தால், திருத்தம் வந்து சேர்வதற்குள் காலம் கடந்து, குறைக்க வேண்டிய நேரத்தில் கூட்டும். சொந்தமாக டிசைன் செய்பவர்கள் ஒரு கெப்பாசிட்டரை மற்றவற்றைவிட மிகப் பெரியதாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. பேட்டரி பலவீனமாகி, சப்ளை லைனில் உள்ள டிகப்ளிங் கெப்பாசிட்டர் காய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஐஎஃப்டி அலைன்மென்ட் செய்யும்போது உச்சம் எங்கே என்றே பிடிபடவில்லை.

ஏஜிசி மறைக்கிறது. ஐஎஃப்டிக்குள் இருக்கும் ஃபெரைட் கோரைத் திருகிச் சிக்னலைக் கூட்டினால் அது குறைத்துவிடுகிறது. ஏஜிசி தொடங்காத அளவுக்குச் சிக்னல் ஜெனரேட்டரின் அளவை இறக்கி, இரைச்சலுக்குச் சற்று மேலே சிக்னலை வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஜெனரேட்டர் இல்லாதவர்கள் பகலில் பலவீனமான நிலையம் ஒன்றைப் பிடித்துச் செய்யலாம். அல்லது காதை விட்டுவிட்டு ஏஜிசி வோல்டேஜையே மீட்டரில் பார்த்து அதன் உச்சத்துக்குத் திருகலாம். என் ஓட்டு கடைசி முறைக்கு.

எஃப்எம் ரேடியோவில் ஏஜிசி உண்டா?

எஃப்எம்மில் செய்தி ஃப்ரீக்வன்சியில் இருக்கிறது. அளவை ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டால் போதும், லிமிட்டர் அதைச் செய்கிறது. பலமான சிக்னலில் மிக்ஸர் திணறாமலிருக்க முன்பகுதியில் மட்டும் ஓர் ஏஜிசி இருப்பதுண்டு.

பழைய அனலாக் டிவியில் ஏஜிசிக்கு ஏன் அவ்வளவு சிக்கலான சர்க்யூட்?

எதை அளப்பது என்பதுதான் சிக்கல். நம் ஊர் பிஏஎல் முறையில் படம் வெளுத்தால் கேரியர் குறையும், கறுத்தால் கூடும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் குறிக்கும் சின்க் பல்ஸின் உச்சி 100 சதவீதம், வெள்ளை சுமார் 10 சதவீதம். ரேடியோவைப்போலச் சராசரியை அளந்தால் இருட்டுக் காட்சி வந்ததும் "சிக்னல் கூடிவிட்டது" என்று ஏஜிசி குறைக்கும், பகல் காட்சியில் கூட்டும். படம் எடுத்தவர் வைத்த ஒளியை டிவி மாற்றிவிடும்.

காட்சி எதுவானாலும் மாறாதது சின்க் உச்சி ஒன்றே. எனவே செகண்டுக்கு 15,625 முறை வரும் லைன் பல்ஸின் போது மட்டும் ஏஜிசியின் கதவைத் திறந்து அளந்துகொண்டார்கள். இதற்குக் கீயிங் என்று பெயர், கதவைத் திறப்பது ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் பல்ஸ். நடுவில் வரும் ஸ்கூட்டர் பற்றவைப்புச் சத்தத்தை அது கண்டுகொள்ளாது என்பது கூடுதல் லாபம். 1980-களில் கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினி டிவி பிடிக்க உயரக் கம்பமும் பூஸ்டரும் வைத்தவர்கள், அதே பூஸ்டரோடு பக்கத்து நிலையத்தைப் போட்டால் படம் நெளிந்து, சில சமயம் நெகட்டிவ் போலக் கறுப்பு வெள்ளை மாறி வருவதைப் பார்த்திருப்பார்கள். ஏஜிசியின் எல்லைக்கு அப்பால் போன சிக்னல் அது.

ஹாம் ரேடியோவில் எஸ்எஸ்பிக்கு ஏஜிசி எப்படி?

ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்பும் எஸ்எஸ்பியில் கேரியரே இல்லை. பேசினால் சிக்னல், வாயை மூடினால் ஒன்றுமில்லை. 100 மில்லிசெகண்ட் கணக்கு வைத்தால் இரண்டு சொல்லுக்கு நடுவே இரைச்சல் எழுந்து எழுந்து விழும். ஆகவே முதல் அசை காதில் அறையாதபடி சில மில்லிசெகண்டில் பிடித்து, ஒரு செகண்ட் அளவுக்கு விடாமல் வைத்திருந்து, பிறகு இறக்குவார்கள். சிக்னல் பலத்துக்கான எஸ் மீட்டர் காட்டுவது இந்த ஏஜிசி வோல்டேஜ். எஸ்9 என்றால் 50 ஓம் உள்ளீட்டில் 50 மைக்ரோவோல்ட், ஒவ்வொரு படிக்கும் 6 டெசிபல் என்பது எச்எஃப் (சிற்றலை) வழக்கம். பல செட்டுகளில் மீட்டர் அதை அவ்வளவாக மதிப்பதில்லை.

ஐதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் 40 எஸ்எஸ்பி செட்டில் ஏஜிசி கிடையாது. சர்க்யூட் எளிமையாக இருக்க வேண்டும் என்பது அந்த வடிவமைப்பின் கொள்கை. ஆனால் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்பவருக்குப் பக்கத்துத் தெரு ஹாம் பேசத் தொடங்கினால் காது பத்திரமில்லை. வோல்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகு இரண்டு டயோடை எதிரெதிராகப் போட்டு உச்சியையாவது வெட்டிக்கொள்ளுங்கள்.

கல்லூரி புராஜெக்டுக்கு ஏஜிசி செய்ய வேண்டும். லேபில் பிஎஃப்டபிள்யூ 10 இருக்கிறது.

போதும். பிஎஃப்டபிள்யூ 10 ஒரு ஜேஃபெட் (ஃபீல்டு எஃபெக்ட் டிரான்சிஸ்டர்). அதை வோல்டேஜால் மாறும் ரெசிஸ்டராக வையுங்கள். சிக்னல் 10 கிலோ ஓம் வழியே வரட்டும், ஜேஃபெட் அதை எர்த்துக்கு இழுக்கட்டும், பின்னால் ஓர் ஆப்-ஆம்ப் பெருக்கட்டும். ஆப்-ஆம்ப் வெளியீட்டை டயோடால் நெகட்டிவ்வாக ரெக்டிஃபை செய்து ஜேஃபெட்டின் கேட் முனைக்குக் கொடுத்தால் எதிர்மாறாக வேலை செய்யும்: நெகட்டிவ் ஏற ஏற ஜேஃபெட் மூடிக்கொள்ளும், சிக்னல் கூடும். எனவே சிக்னல் இல்லாதபோது கேட்டை நெகட்டிவ்வில் வைத்து, சிக்னல் ஏறும்போது பூஜ்யத்தை நோக்கி நகர்த்த வேண்டும். மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

அடுத்த தவறு, ஜேஃபெட்டின் மேல் பெரிய சிக்னலை விடுவது. டிரெயினில் 100 மில்லிவோல்ட்டுக்குள் வைத்திருங்கள். மேலே போனால் அது ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளாது, ஸ்கோப்பில் அலையின் ஒரு பக்கம் சப்பையாகும். டிரெயினிலிருந்து கேட்டுக்கு ஒரு ரெசிஸ்டர், கண்ட்ரோல் வோல்டேஜிலிருந்து கேட்டுக்கு அதே மதிப்பில் இன்னொன்று என்று இரண்டு 1 மெக் ஓம் போட்டால் டிரெயின் சிக்னலில் பாதி கேட்டுக்குப் போய்ச் சிதைவு வெகுவாகக் குறையும். கண்ட்ரோல் வோல்டேஜும் பாதியாகும் என்பதை மறக்காதீர்கள். வைவாவில் "இந்த இரண்டு ரெசிஸ்டர் எதற்கு" என்று கேட்பார்கள்.

எஸ்டிஆர் டாங்கிளில் எல்லாம் சாஃப்ட்வேர்தானே, ஏஜிசி எதற்கு?

சாஃப்ட்வேருக்கு முன்னால், அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி இருக்கிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில் அது 8 பிட். பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் 48 டெசிபல்தான் அதன் உலகம். வெளியுலகமோ 80, 100 டெசிபல் அகலம். அந்த ஜன்னலுக்குள் சிக்னலைக் கொண்டுவந்து நிறுத்துவது டியூனரில் உள்ள அனலாக் கெயின்.

ஆனால் தானியங்கி கெயினை எப்போதும் ஆனில் வைக்கச் சொல்ல மாட்டேன். டியூனர் பார்ப்பது நீங்கள் கேட்கும் நிலையத்தை மட்டும் அல்ல, அதன் அகலத்துக்குள் வரும் எல்லாவற்றையும். பக்கத்தில் பலமான எஃப்எம் நிலையம் இருந்தால் அதற்காகக் கெயினைக் குறைத்து, நீங்கள் தேடும் பலவீனமான சிக்னலைப் புதைத்துவிடும். கையால் கெயினை ஏற்றிக்கொண்டே போய், இரைச்சல் தளம் சிக்னலைவிட வேகமாக ஏறத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள்.

ஜிபிஎஸ் ரிசீவரில் இது இன்னும் விநோதம். செயற்கைக்கோள் சிக்னல் இரைச்சலுக்கும் கீழே புதைந்து வருவதால், அங்கே ஏஜிசி சமன்செய்வது இரைச்சலைத்தான். திறந்தவெளியில் அது கிட்டத்தட்ட அசையாது. திடீரென்று கெயின் சரிந்தால் அருகில் யாரோ ஜாமர் போட்டிருக்கிறார்கள் என்று அந்த எண்ணை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள்.